கட்டி முடித்த லீசிங் நிலுவையாக நின்ற கதை

புறக்கோட்டையில் உள்ள எங்கள் துணிக்கடைக்கு வங்கியில் மேலதிகப்பற்று கேட்டிருந்தேன். "அக்கா, உங்கள் கிரிப்பில் ஒரு லீசிங் நிலுவை நிற்கிறது" என்றார் உத்தியோகத்தர். கிரிப் (CRIB) என்று அவர் சொன்னது, நம் கடன் விபரங்களைப் பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை. எனக்குக் கை கால் ஓடவில்லை. தம்பிக்காக என் பெயரில் எடுத்த முச்சக்கரவண்டி லீசிங் அது. 2019 ஜூலையில் கடைசித் தவணையையும் கட்டி முடித்தாயிற்று.

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிக் கோட்டையில் உள்ள அந்தப் பணியகத்துக்குப் போனேன். என் தனிப்பட்ட அறிக்கை அடையாள அட்டையைக் காட்டியதும் சிரமமில்லாமல் கிடைத்தது. எங்கள் கடைக் கம்பனியின் அறிக்கைக்குத்தான் மறுநாளும் அலைய நேர்ந்தது. பதிவுப் பத்திரத்தின் பிரதியை மட்டும் கொண்டுபோயிருந்தேன்; இயக்குநர்கள் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் வீட்டு மேசையில் கிடந்தது. கம்பனி வேறு, நாம் வேறு என்பதை மறந்துவிடாதீர்கள்.

கம்பனி அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. என்னுடையதில் இரண்டு இடங்களில் கண் நின்றது. ஒன்று அந்த லீசிங். மற்றது, தங்கையின் கணவருக்கு நான் பிணை நின்ற கடன். அவர் இரண்டு தவணை பிந்தியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது பிழையில்லை, உண்மைதான். பிணை நின்றவர்கள் கட்டாயம் தங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

பலர் நினைப்பதுபோல் கொடுகடன் தகவல் பணியகம் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அது, கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் விபரத்தைப் பதிந்து வைக்கிறது. ஆகவே பிழையைத் திருத்த வேண்டியவர் அதை அனுப்பியவர்தான்.

அந்த லீசிங் நிறுவனத்தின் கிளையில்தான் என் பொறுமை தீர்ந்தது. அடையாள அட்டையின் 12 இலக்கங்களைத் தட்டிப் பார்த்த எழுதுவினைஞர், "இப்படி ஒரு கணக்கே இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணக்கே இல்லையென்றால் நிலுவை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. அரை நாள் போயிற்று. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: லீசிங் எடுத்தபோது என்னிடம் இருந்தது 9 இலக்கமும் 'வி' எழுத்தும் கொண்ட பழைய அட்டை! மறுநாள் அந்த இலக்கத்தைக் கொடுத்ததும் கணக்கு உடனே திரையில் வந்தது. பழைய இலக்கத்தை எங்காவது குறித்து வையுங்கள்.

அதன்பின்பும் "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். வாய்ப்பேச்சை நம்பவில்லை. அறிக்கையின் பிரதி, கடைசிப் பற்றுச்சீட்டு, கடன் தீர்ந்ததாக அவர்களே 2019இல் தந்த கடிதம் மூன்றையும் இணைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். என் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்வரை கதிரையை விட்டு எழவில்லை. அந்தக் கடிதம் மட்டும் கைவசம் இல்லாதிருந்தால் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். கடன் முடிந்த அன்றே கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நான்கு வாரம் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்தேன். நிலுவை இருந்த இடத்தில் பூச்சியம். அதை வங்கியில் கொடுத்துவிட்டு, நேரே தங்கை வீட்டுக்குப் போய் அந்த இரண்டு தவணையைப் பற்றிப் பேசினேன்.