ஓடற வரைக்கும் ஓடட்டும்

மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனுக்கு ஆப் எழுதிச் சம்பளம் வாங்கியவன் என்று சொன்னால், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "அப்படி ஒண்ணு இருந்துச்சுங்களா சார்?" இருந்தது. கோவை காந்திபுரத்தில் ஒரு மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அதற்காகவே வேலை பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிகள்.

ஏன் விண்டோஸ் போன் என்று கேட்டால் காரணம் ரொம்ப சாதாரணம். விண்டோஸ் மென்பொருள் எழுதும் சி-ஷார்ப் மொழி எங்களுக்குத் தெரியும். பனியன் கம்பெனி ஆபீஸ்களில் எங்கள் மென்பொருள் ஏற்கெனவே விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. 2013-ல் நோக்கியாவின் லூமியா 520 பத்தாயிரம் ரூபாய் சுமாருக்கு வந்தது. நினைவகம் வெறும் 512 எம்.பி.தான், ஆனாலும் இழுத்த இழுப்புக்குத் திரை வழுக்கிக்கொண்டு வரும். அதே விலைக்கு அன்றைக்குக் கிடைத்த ஆண்ட்ராய்டு போன்கள் ஒரு ஆப்பைத் திறக்கவே திணறின. அப்புறம் நோக்கியா என்ற பெயர். ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருந்த கம்பெனி என்பதால் நம் ஊர் முதலாளிகளுக்கு அது சொந்தக்காரர் கடை மாதிரி. விலை கேட்பார்களே தவிர, தரம் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

ஆப் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். பனியன் என்பது ஒரே கூரையின் கீழ் பிறக்கும் பொருள் இல்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும். துணியாகி டையிங்குக்குப் போகும். அங்கிருந்து, துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், பிறகு கட்டிங். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுடைய இடம். கைமாறும்போதெல்லாம் ஒரு டி.சி., அதாவது டெலிவரி சலான், போட வேண்டும். எடை வழியில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்தக் குறைவு நியாயமான பிராசஸ் லாஸா, இல்லை ரோல் எங்காவது வழிமாறிப் போய்விட்டதா என்பதுதான் முதலாளிக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. அதைப் பார்க்க ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு ஆள் இருப்பார். ராயபுரம், வீரபாண்டி, மங்கலம் ரோடு என்று டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

எங்கள் முதல் வாடிக்கையாளரிடம் இந்த வேலையைப் பார்த்த அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல். மஞ்சள் முதுகு லூமியாவை ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். சாயப்பட்டறைக்குள் போனால் எங்கே தொட்டாலும் ஈரம், கையில் ஏதாவது ஒரு நிறம். கவருக்கு மேலேயே விரலை வைத்து எடையைத் தட்டுவார், தராசு காட்டும் எண்ணைப் படம் எடுப்பார், பையில் போட்டுக்கொள்வார். முகப்புத் திரையில் எங்கள் ஆப்பின் கட்டம் பெரிதாக, பச்சையாக இருக்கும். திரும்பி வராத டி.சி.க்கள் எத்தனை என்று அந்தக் கட்டத்தின் மேலேயே எண் தெரியும். ஆப்பைத் திறக்கவே வேண்டாம். டீக்கடையில் போனை எடுத்து, "பதினாலு நிக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி பையில் போடுவார். அந்த எண்ணுக்குப் பின்னால் எங்கள் பாடு அவருக்குத் தெரியாது. பின்னணியில் ஓடும் வேலைக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு முறைதான் அனுமதி, அதுவும் 25 விநாடிக்குள் முடித்தாக வேண்டும். பட்டறை ஓரத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டும்போது அந்த 25 விநாடிக்குள் என்னத்தை அனுப்புவது, என்னத்தை வாங்குவது என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

இந்தக் கூட்டணி தொடங்கிய கதை திருப்பூரில் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. 2011 பிப்ரவரி 11-ஆம் தேதி லண்டனில் நோக்கியாவின் தலைமை நிர்வாகி ஸ்டீபன் எலாப்பும் மைக்ரோசாப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரும் ஒரே மேடையில் நின்று, இனி நோக்கியா ஸ்மார்ட்போன்கள் விண்டோஸில்தான் என்று அறிவித்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், நொய்யலில் கலந்த சாயக்கழிவுக்காக உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லியிருந்தது. துணிக்குச் சாயம் போட இடம் தேடி ஊரே அலைந்துகொண்டிருந்த நேரத்தில் நோக்கியாவின் பழைய இயங்குதளமான சிம்பியன் போனால் என்ன, விண்டோஸ் வந்தால் என்ன.

2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோசாப்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நவம்பரிலேயே ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டது. 2015 ஜூலையில் அந்த வியாபாரத்தின் மதிப்பில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதி, 7,800 பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. செய்தி வந்த மறுநாள் அந்த முதல் வாடிக்கையாளர் கம்பெனியின் முதலாளி என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

"ஏனுங் தம்பி, இது இருக்குமுங்களா, இருக்காதுங்களா? ஒரே சொல்லாச் சொல்லிப் போடுங்க."

"பாக்கலாங்கண்ணா."

"பாக்கலாமுங்கறதெல்லாம் ஒரு நாயமா?"

நியாயம் இல்லைதான். ஆனால் அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. என் அனுபவத்தில், ஒரு இயங்குதளத்துக்கு முடிவு தேதி அறிவித்துவிட்டால் வேலை சுலபம். தேதியைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணித் திட்டம் போடலாம். முடிவும் சொல்லாமல், முழு மனதோடு நடத்தவும் செய்யாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிற வருஷங்கள்தான் எங்களைப் போன்ற சின்ன கம்பெனியைச் சாப்பிடுகின்றன. புதிதாகக் காசு போடவும் கை வராது, விட்டுவிட்டு வரவும் மனசு வராது. விண்டோஸ் போன் இப்படி 2015 முதல் 2019 வரை கிடந்தது.

நல்ல செய்தி வராமலும் இல்லை, அதுதான் கொடுமை. 2015-ல் ஆண்ட்ராய்டு ஆப்களையே விண்டோஸ் போனில் ஓட வைக்கும் அஸ்டோரியா என்ற திட்டத்தை அறிவித்தார்கள். ஆப் பஞ்சம் தீர்ந்தது என்று நாங்கள் டீ வாங்கிக் குடித்தோம். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதைக் கைவிட்டதாகச் சொன்னார்கள். 2016 மார்ச்சில் விண்டோஸ் 10 மொபைல் பழைய போன்களுக்கு வந்தது. பட்டியலில் 520 இல்லை. இணையம் இல்லாமலே வழி காட்டிய ஹியர் வரைபடமும் புதிய பதிப்பிலிருந்து விலகிக்கொண்டது. நடுநடுவே சர்ஃபேஸ் போன் வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பும், எங்களில் ஒருவன் இரண்டு நாள் உற்சாகமாக இருப்பான். அந்த வருஷத்தின் முதல் காலாண்டில் சந்தை ஆய்வு நிறுவனமான கார்ட்னரின் கணக்குப்படி உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் விண்டோஸின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்த வருஷங்களில்தான் எங்கள் ஆப் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. 520-இல் புது அப்டேட் எதுவும் வராததால் எதுவும் உடையவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வராது. பின்னால் ஆண்ட்ராய்டுக்குப் போனபோதுதான் உயிரோடு இருக்கிற இயங்குதளம் எவ்வளவு வேலை வைக்கும் என்று தெரிந்தது. 6-ஆம் பதிப்பில் கேமராவைத் தொட ஓடுகிற நேரத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள். 10-ஆம் பதிப்பில் கோப்பு வைக்கும் முறையை மாற்றினார்கள். ஆண்டுதோறும் புதிய பதிப்புக்கு ஏற்றபடி கட்டாவிட்டால் பிளே ஸ்டோரில் அப்டேட் போட முடியாது. சாகப்போகிற இயங்குதளத்தில் வேலை பார்ப்பது ஒருவகையில் நிம்மதி. அந்த நிம்மதியில்தான் முதலாளியும் "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றார், நாங்களும் தலையாட்டினோம்.

நிம்மதிக்கும் விலை உண்டு. எங்களோடு இருந்தவர்களில் கெட்டிக்காரன் ஒருவன் ஆண்ட்ராய்டு கற்றுக்கொண்டு பெங்களூரு போனான். அவனிடத்துக்கு ஆள் எடுக்க நேர்காணல் வைத்தோம். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த ஒரு பெண், கேள்விகளுக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னது. வேலை விண்டோஸ் போனில் என்றதும் பேனாவை மூடிவிட்டது. "சார், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ரெஸ்யூமில இதைப் போட்டா யாருங்க கூப்பிடுவாங்க?" அதற்குச் சொல்ல எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அந்த இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது.

முடிவு எடுத்தது நாங்களும் இல்லை, முதலாளியும் இல்லை. அது தனித்தனியாக, சம்பந்தமில்லாத இடங்களிலிருந்து வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 4ஜி இல்லாமல் அந்த சிம் வேலை செய்யாது, 520 வெறும் 3ஜி. கம்பெனியில் எல்லோரும் இலவச டேட்டாவில் படம் பார்த்துக்கொண்டிருக்க, நம் அண்ணன் மட்டும் பழைய சிம்மில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். நவம்பரில் பணமதிப்பு நீக்கம். வாரக் கூலியைச் சனிக்கிழமை சனிக்கிழமை ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய ஊர் தடுமாறிப் போனது. டிசம்பர் கடைசியில் போனிலேயே பணம் அனுப்பும் பீம் ஆப் வந்தது, முதலில் ஆண்ட்ராய்டுக்கு மட்டும். அண்ணனின் போனில் அது ஓடாது. லோடு ஆட்டோக்காரருக்கு வாடகை கொடுக்கக்கூட மகனைக் கூப்பிட்டுத்தான் அனுப்பச் சொல்வார்.

கடைசியாக ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1. சலான் என்பது அதுவரை கம்பெனிக்குக் கம்பெனி ஒரு மாதிரி இருந்தது. இனி ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாளிடம் கூலிக்கு வேலை செய்து வாங்க, போகும் சலானில் இன்னின்ன விவரம் இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. வேலை செய்து கொடுப்பவரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், பொருளின் வகையைச் சொல்லும் எச்.எஸ்.என். குறியீடு. பஞ்சு நூலாகப் போனால் அந்தக் குறியீட்டில் அத்தியாயம் 52, நிட்டிங் முடிந்து துணியானால் 60, தைத்துப் பனியனானால் 61. ஒரே சரக்கு, வழியில் மூன்று அத்தியாயம் தாண்டுகிறது. போன பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்ததா என்று கணக்குக் காட்ட ஐ.டி.சி-04 என்று ஒரு படிவம் வேறு. அண்ணனின் பச்சைக் கட்டத்து எண் அதுவரை முதலாளியின் தூக்கத்தை மட்டுமே பாதித்தது. ஜி.எஸ்.டி. வந்தபின் ஆடிட்டரின் தூக்கத்தையும் பாதித்தது.

ஆப்பின் தரவுத்தளம், திரைகள், அச்சிடும் பகுதி, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அப்படிப் பிரித்த பிறகு மறுபடி 520-க்கே எழுதுவதா? யாரும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. ஆறாயிரம் ரூபாய்க்கு 2 ஜி.பி. நினைவகமும் 4ஜியும் உள்ள ஆண்ட்ராய்டு போன்கள் அதற்குள் கடைகளில் வந்துவிட்டன. முதலாளியே ஒரு நாள் அப்படி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவ்வளவுதான். அந்த அக்டோபரில் மைக்ரோசாப்டின் ஜோ பெல்ஃபியோர், புதிய வசதிகளும் புதிய போன்களும் இனித் தங்கள் கவனத்தில் இல்லை என்று ட்விட்டரில் எழுதியபோது நாங்கள் பாதி வேலையை முடித்திருந்தோம். விண்டோஸ் 10 மொபைலுக்குக் கடைசி ஆதரவுத் தேதி 2019 டிசம்பர் 10 என்று பிறகு அறிவித்தார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த தேதி, தேவைப்படாதபோது கிடைத்தது.

அண்ணனுக்குப் புது போன் பிடிக்கவில்லை. திரை பெரிது, வேகம் கூட, ஆனால் கட்டத்தின் மேல் எண் இல்லை. "உள்ள போய்ப் பாக்கோணுங்களா? அது எதுக்கு கண்ணு, வெளியவே காட்டிட்டிருந்துச்சே." முகப்புத் திரையிலேயே எண்ணைக் காட்டும் விட்ஜெட் ஒன்று எழுதிக் கொடுத்தோம். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று அந்த போன் எங்கள் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், எண் அப்படியே நின்றுவிடும். செட்டிங்ஸில் நாலு இடத்தில் நுழைந்து அதைச் சரிசெய்ய அவருக்குக் கற்றுக்கொடுத்தோம். வாரம் ஒரு முறையாவது "நம்பர் அசையலீங்க தம்பி" என்று கூப்பிடுவார்.

மிச்சம் இருந்தது கூலி. இரண்டாம் முறை எழுதியதற்கு யார் காசு கொடுப்பது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. இயங்குதளம் சாகும் என்று எழுதி வைத்துக்கொண்டா வியாபாரம் பேசுவார்கள்? "ஆப்பு நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு, மாத்தச் சொன்னது நானுங்களா?" என்றார் முதலாளி. மாற்றச் சொன்னது நாங்களும் இல்லை. தீபாவளி போனஸ் பட்டுவாடா முடியட்டும் என்று தள்ளிப் போட்டு, கடைசியில் அவருடைய ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து பேசினோம். போன்கள் அவர் செலவு, எழுதும் கூலியில் பாதி எங்களுடையது, ஆண்டுப் பராமரிப்புத் தொகை கொஞ்சம் கூடும் என்று முடிவானது.

புது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம். போன் பக்கத்து மென்பொருளின் ஆயுள் மூன்று வருஷம், அதற்குப் பின் மறுபடி எழுத வேண்டி வந்தால் தனிக் கட்டணம். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். ஆடிட்டரிடம் பேனா வாங்கி, மூன்றை அடித்து ஐந்து ஆக்கினார். ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டு எங்கள் பக்கம் தள்ளினார். நாலரைக்குப் பேசிப் பார்த்தோம், அவர் அசையவில்லை.