ஒன்றரை அடிச் சுவர், ஒன்றரை டன் ஏசி

20.4.2025, ஞாயிறு, கும்பகோணம்

அம்மா நேற்று இரவும் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், முற்றத்து ஓரத் தூணில் சாய்ந்துகொண்டு ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வயது 79. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ‘ராத்திரியாவது உடம்பு குளிரணும், ஒரு ரூமுக்காவது ஏசி போட்டுடுங்க’ என்று மருத்துவர் போன வாரமே சொல்லிவிட்டார். தாத்தா கட்டிய சுவரில் துளை போடுவதா என்று நான்தான் தள்ளிப்போட்டேன். இனி தள்ள முடியாது.

இதே வீட்டில் சின்ன வயதில், சித்திரை வெயிலிலும் பாயில் படுத்த உடனே தூங்கிப்போவோம். அப்போது முற்றம் திறந்திருந்தது. சூடான காற்று அதன் வழியே மேலே போகும். அந்த இடத்துக்கு வாசல் நடையான ரேழியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று வரும். குரங்குத் தொல்லைக்காக ஆறு வருடம் முன்பு அதன்மேல் ஃபைபர் ஷீட் போட்டு அடைத்தது நான்தான். தெற்கே இருந்த ஓட்டு வீடு இப்போது மூன்று மாடி. தென்றல் அதோடு நின்றது. கொல்லையில் மேற்குச் சுவருக்கு நிழல் தந்த இரண்டு தென்னைகளும் பட்டுப்போய் வெட்டியாயிற்று. இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருக்கிறது. பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகிற சுவர் அது. இரவு குளிர்ந்தால்தானே விடும்?

23.4.2025, புதன்

மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். எல்லோரும் கேட்டது ‘ரூம் எத்தனை சதுர அடி?’ 10-க்கு 12, 120 சதுர அடி. ‘ஒரு டன் போதும் சார்.’ உயரம் பன்னிரண்டரை அடி, மேற்குச் சுவரிலும் மேல்தளத்திலும் நேர் வெயில் என்றதும் ஒருவர் மட்டும் யோசித்தார். ஒன்றரை டன் இன்வர்ட்டராகப் போட்டால் அறை குளிர்ந்த பிறகு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சின்னதைப் போட்டு இரவெல்லாம் முழு மூச்சில் ஓடவிடுவதைவிட அது நல்லது என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது.

டன் என்றால் எடை இல்லை என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம். மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு).

இன்னொரு கடையில், ஒன்பது அடியில் ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால் ஒரு டன்னே தாராளம் என்றார்கள். வீட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்திவைத்த தளம், அதற்கும் மேலே செங்கல் ஜல்லி, தட்டோடு என்கிற தட்டை ஓடு. இதை மூடிவிட்டால் கரையான் ஏறினாலும் மழைநீர் கசிந்தாலும் கட்டை உளுத்து விழும்வரை தெரியாது. வேண்டாம். குளிர்ந்த காற்று கீழேதான் தங்கும். மேலே நான்கடிக்குச் சூடான காற்று நின்றால் நிற்கட்டும், அம்மா கட்டிலில் படுப்பவர்.

27.4.2025, ஞாயிறு

மேஸ்திரி வந்தார். அப்பா காலத்திலிருந்து இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை பார்ப்பவர். சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார். ‘தம்பி, இதுல ஹாமர் டிரில் வச்சு இடிச்சீங்கன்னா ஒரு கை அகலத்துக்கு வேணும்னா எட்டுக் கை அகலம் உதிரும். காரை சுவத்துல ஒட்டிக்கிட்டு இல்ல, சும்மா நிக்குது.’ அதிராமல் வெட்டுகிற கோர் கட்டர்தான் வேண்டும். அதுவும் பதினெட்டு அங்குலத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் போட வேண்டும். ஓட்டை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏசியிலிருந்து வடிகிற தண்ணீர் அறைக்குள் வரும்.

அவர் கறாராகச் சொன்ன இன்னொன்று: குழாயைச் சுற்றி சிமென்ட் வைக்கக்கூடாது. சிமென்ட் இறுகிக் கல்லாகிவிடும், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடுவது. இரண்டையும் சேர்த்தால் ஈரம் நடுவில் மாட்டிக்கொண்டு காரையைத் தள்ளும். அறைக்கு எமல்ஷன் பெயின்ட் அடிக்கலாம் என்று நினைத்திருந்ததையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டேன். வெள்ளைச் சுண்ணாம்புதான்.

30.4.2025, புதன்

ஒயர்மேன் வேலை. சுவரில் அடித்த மரச்சட்டத்தின்மேல் ஓடுகிற பழைய ஒயரிங்கில் ஏசியை மாட்டினால் ஒயர் சூடேறிப் பற்றிக்கொள்ளும். மீட்டரிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் இழுத்து, தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கிற சுவிட்ச்) வைத்தாயிற்று. எர்த் என்று இதுவரை இருந்தது தண்ணீர்க் குழாயில் சுற்றிய ஒரு கம்பி. அதை நம்பித்தான் இத்தனை வருடம் ஹீட்டர் போட்டுக் குளித்திருக்கிறோம், நினைத்தாலே பகீர் என்கிறது. கொல்லையில் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் இறக்கினோம். சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு இறங்குவதால் ஸ்டெபிலைசரும் வாங்கினேன். கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்தாயிற்று.

2.5.2025, வெள்ளி

இன்று மாட்டியிருக்க வேண்டியது. வந்த இரண்டு பேரும் அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் வைக்கலாம் என்றார்கள், தட்டோடு உடையும் என்றேன். அப்படியானால் முற்றத்தில் என்றார்கள். அறையிலிருந்து வெளியே தள்ளுகிற சூட்டை வீட்டு நடுவிலேயே விடுவதா? கொல்லையில், செங்கல் மேடையில்தான் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். காப்பர் குழாய் இரண்டு மீட்டர் கூடுதல், அதற்குத் தனிக் காசு. பரவாயில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, குழாயிலிருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் பம்ப்பை அவர்கள் கொண்டுவரவில்லை. ‘கேஸ கொஞ்சம் விட்டுக் காத்த வெளிய தள்ளிடலாம் சார், எல்லா வீட்லயும் இப்படித்தான்.’ எனக்குக் கோபமே வந்துவிட்டது. குழாயில் காற்று தங்கினால் கம்ப்ரஸர் கூடுதல் அழுத்தத்தில் ஓடும். ஈரம் தங்கினால் உள்ளே இருக்கிற எண்ணெய் கெட்டு அமிலமாகும். முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேல் கொடுத்து வாங்கிய இயந்திரம். போதாததற்கு இதில் இருப்பது ஆர்32, தீப்பற்றக்கூடிய வாயு. அதை அறையோரமாக வெளியே விடவே கூடாது. பம்ப்போடு நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

3.5.2025, சனி

இன்று வேறொரு தம்பி வந்தார், நல்ல வேலைக்காரர். கோர் கட்டர் சுற்றச் சுற்றச் செங்கல்லும் சுண்ணாம்பும் உருளையாகக் கழன்று வந்தன. மேஸ்திரி அதை வாங்கி நகத்தால் கீறினார். தூள்கூட உதிரவில்லை. ‘கடுக்காத் தண்ணி ஊத்தி அரைச்ச சுண்ணாம்பு தம்பி. இப்ப யாரு அரைக்கிறா?’ அந்தத் துண்டை அம்மா பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

உள் யூனிட்டுக்கான தகட்டைப் பிடிக்க, சுவரில் நான்கு இடத்தில் தேக்குக் குட்டி இறக்கிச் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) வைத்து ஐந்து நாளுக்கு முன்பே மேஸ்திரி காயவிட்டிருந்தார். திருகாணி பிடித்த பிடி அசையவில்லை. பம்ப் 25 நிமிடம் ஓடியது. நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் அழுத்தம் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆடவில்லை. அதன்பிறகுதான் கேஸைத் திறந்தார்.

5.5.2025, திங்கள்

அக்னி நட்சத்திரம் நேற்று பிறந்தது. இரண்டு இரவும் எனக்கு ஏமாற்றம்தான். ஒன்பது மணிக்குப் போட்டால் பதினொன்றுக்கும் அறை முழுதாகக் குளிரவில்லை. மேற்குச் சுவர் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறது. மீட்டரைக் குறித்துவைத்தேன்: ஒரு இரவுக்கு 9 யூனிட். இப்படியே போனால் இரண்டு மாதக் கணக்கில் 500-ஐத் தாண்டும். தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை ஏறும்.

காலையில் மேஸ்திரிக்கு போன் செய்தேன். ‘ஏசிய ஏன் தம்பி வையிறீங்க, சுவத்துக்கு நெழல் குடுங்க’ என்றார். மத்தியானமே கீற்று வந்து இறங்கியது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அவுட்டோர் யூனிட்டின் காற்றை மறிக்காமல், தட்டி கட்டினோம். மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு. ஜன்னல் கதவு இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினேன். மேலே இருக்கிற வெண்டிலேட்டருக்குக் கண்ணாடிச் சட்டம், பகலில் திறந்துவைக்கலாம்.

8.5.2025, வியாழன்

நேற்று இரவு 6 யூனிட். 26-ல் வைத்து ஃபேனை ஒன்றில் விட்டேன். (2020-லிருந்து ஸ்டார் முத்திரை உள்ள ஏசிகள் தொடக்கத்தில் 24 டிகிரிக்குத்தான் வரும், அம்மாவுக்கு அது அதிகக் குளிர்.) ஏழரைக்கே போட்டுவிடுவதால் படுக்கும்போது சுவரும் ஆறியிருக்கிறது. அம்மா பத்தரைக்குப் படுத்தவர் ஐந்து மணிக்குத்தான் எழுந்தார். நடுவில் நான்தான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

காபி குடிக்கும்போது, ‘கூடத்துல உங்களுக்கெல்லாம் புழுக்கமா இல்லியா தம்பி?’ என்று கேட்டார். இருக்கிறது. செவ்வாய்க்கிழமை முற்றத்து ஷீட்டைக் கழற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். குரங்கு வராமல் இரும்புக் கிராதியும் கம்பி வலையும் போடலாம், காற்றும் மழையும் வரட்டும்.