ஆரியங்காவுக் கஞ்சி

மகனுக்கு மூன்று வயதில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. பிழைத்து எழுந்தால் எட்டு வயதில் முதல் மாலை போட்ட கன்னிச்சாமியாகச் சபரிமலைக்குக் கூட்டிவருகிறேன் என்று அய்யனிடம் சொல்லியிருந்தேன். இந்தக் கார்த்திகையில்தான் அது கைகூடியது.

கடையநல்லூரில் இருமுடிக்கட்டு நிறைத்து ராத்திரி கிளம்பினோம். புளியரை வளைவுகளும் கோட்டைவாசலும் தாண்டி, ஆரியங்காவுக்குக் கொஞ்சம் முன்னால் வேன் நின்றுவிட்டது. கிளச் போச்சு. புறப்படுமுன் பார்த்துவிடுங்கள் என்று வேன்காரரிடம் இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை. பனி கொட்டுகிறது, பக்கத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, மகன் பசிக்குது என்கிறான். இருமுடியைத் தலையில் வைத்து நடக்க ஆரம்பித்தோம்.

சாலையோரம் ஒரு தகரப் பந்தலில் அடுப்பு எரிந்தது. பத்துப் பன்னிரண்டு இளவட்டங்கள், எல்லாம் எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகள், பேச்சு நம் தமிழ்தான். வெள்ளைத் தொப்பி போட்ட பையன் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் சிலுவை போட்ட பெண் தேங்காய் துருவினாள். மாலை போட்ட ஒருவன் விறகு தள்ளினான்.

குருசாமி வாசலிலேயே நின்றார். தொப்பிப் பையனுக்குப் புரிந்துவிட்டது. "சாமி, இது சைவப் பாத்திரம். வயநாட்டுக்குப் பிரியாணி போட்ட அண்டா வேற, அதை இங்க கொண்டுவர்றதே இல்ல" என்றான். 2024 ஜூலையில் சூரல்மலை மண்ணில் புதைந்தபோது, பிரியாணிப் பொட்டலம் விற்று நிதி சேர்த்த பிள்ளைகளாம். அன்று ஒன்றாகச் சமைத்தவர்கள் இப்போது சாமிமாருக்குக் கஞ்சி வைக்கிறார்கள்.

"வாவர் சாமியக் கும்பிட்டுத்தானே மலை ஏறுறோம்" என்று அய்யப்பனின் முஸ்லிம் தோழரை நினைவுபடுத்தி, குருசாமியே முதல் தட்டை நீட்டினார்.

கஞ்சி, சிறுபயறு, தேங்காய்ச் சம்மந்தி, சுட்ட அப்பளம். கன்னிச்சாமிக்குச் சூடு தாங்காது என்று அந்தப் பையன் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினான். புறங்கையில் கொதி தெறித்த புண் இன்னும் ஆறவில்லை. பாங்கு சத்தம் கேட்டதும் கை கால் கழுவிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனான். அந்தப் பெண் துடுப்பை வாங்கிக்கொண்டாள். கஞ்சி அடிபிடிக்கவில்லை.

ஆரியங்காவு அய்யன் கோவில் நடை திறந்ததும் படியிறங்கிப் போனோம். மார்கழியில் மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வந்து அய்யனுக்குத் திருக்கல்யாணம் நடத்துகிற சந்நிதி. கூட்டமே இல்லை. அய்யனை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் பார்த்தேன். சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. மகன்தான் சத்தமாக வேண்டினான்: "கஞ்சி ஆத்தித் தந்த அண்ணனுக்குக் கைப்புண் ஆறணும் சாமி."

அப்புறம் எருமேலியில் பேட்டை துள்ளலுக்கான சரக்கோலுக்கும் சாயத்துக்கும் வாய்க்கு வந்த விலை, சந்நிதானத்தில் ஒன்பது மணி நேர வரிசை, தள்ளுமுள்ளு. எதுவும் மனதில் தங்கவில்லை. வாவர் பள்ளிவாசலில் அந்தப் பையனுக்காகவும் மிளகு காணிக்கை போட்டேன்.

திரும்பும்போது பந்தலில் ஒரு மூட்டை அரிசி இறக்கினோம். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றவன் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். மகன் அரவணைப் பிரசாத டின்னை அவன் தலைமாட்டில் வைத்தான். எழுப்பாமல் கிளம்பினோம்.

ஆரியங்காவு அய்யாவே, சரணமய்யப்பா.