வரைபடத்தில் இல்லாத மேடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே ஓர் ஓடையைக் கடக்கும் பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான விரிவான திட்ட அறிக்கையில், அந்த வேலையால் சுற்றியுள்ள பழமையான இடங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்ற அத்தியாயத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கட்டுமானப் பொறியாளன். தொல்லியல் படித்தவன் அல்லன். ஊரின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். பழைய மேடு என்று காதில் விழுந்தாலே புதையல் தேடிக் கடப்பாரையோடு இரவில் புறப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எனக்கு மாதிரியாகத் தரப்பட்ட முந்தைய அறிக்கை ஒன்றில் இந்த அத்தியாயம் ஒரே வாக்கியமாக இருந்தது: திட்டப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் ஏதும் இல்லை. அந்த 300 என்ற எண் சட்டத்திலிருந்து வருவது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அளவு தொடங்குவது கோயில் சுவரிலிருந்தோ கோட்டை மதிலிலிருந்தோ அல்ல, அறிவிக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நானும் முதலில் கவனிக்காமல் அளந்து, பிறகு திருத்திக்கொண்டேன். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனியே இருக்கிறது. இரண்டு பட்டியல்களையும் வைத்து அளந்து பார்த்ததில் எங்கள் பாலத்துக்கு அருகில் எதுவுமே வரவில்லை. ஆக, அந்த ஒரே வாக்கியத்தை நானும் எழுதிவிட்டு அன்று மாலையே மதுரைக்குப் பேருந்து ஏறியிருக்கலாம்.

ஏறாமல் போனதற்குக் காரணம் அமெரிக்க நடைமுறை ஒன்றைப் பற்றி முன்பு படித்திருந்தது. அங்கே 1966இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ தொடும் எந்த வேலைக்கும், பட்டியலில் ஏற்கெனவே உள்ள இடங்களை மட்டுமல்லாமல், பட்டியலில் சேரத் தகுதியுள்ளவற்றையும் தேடிப் பார்த்தாக வேண்டும். நம் மாநிலச் சட்டமும் அதே ஆண்டுச் சட்டம்தான். ஆனால் ஓடைமேல் நிற்கும் ஒற்றைப் பாலத்தை மாற்றுவதற்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ்ப் பொதுவாக அனுமதியே தேவைப்படுவதில்லை என்பதால், அப்படித் தேடும்படி எங்களை யாரும் கேட்கப்போவதில்லை. கடல் நீர் ஏறி இறங்கும் ஓடை என்பதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி மட்டும் வேண்டியிருந்தது. அந்தக் கடற்கரை மண்டல அறிவிக்கை தொல்லியல் முக்கியத்துவம் உள்ள இடங்களை மிகக் கடுமையான முதல் வகையில் வைத்திருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, மேலும் பத்து நாள் களப்பணிக்கு அனுமதி வாங்கினேன்.

துறையின் பதிவேட்டில் அது கான்கிரீட் பாலம். ஊரில் யாரைக் கேட்டாலும் அஞ்சு கண் பாலம். வேறுபாடு ஏனென்று ஓடை வற்றிய வைகாசியில் அடியில் இறங்கிய பிறகே புரிந்தது. நடுவில் செங்கல் வளைவுகள் ஐந்து. வண்டிப் போக்குவரத்து கூடியபோது இரண்டு பக்கமும் கான்கிரீட் பலகை போட்டு அகலப்படுத்தியிருக்கிறார்கள், அதனால் மேலே நின்று பார்ப்பவனுக்குக் கான்கிரீட் மட்டுமே தெரியும். உள்ளே வௌவால் வாடை. கைவிளக்கின் வெளிச்சத்தில் செங்கல் இணைப்புகளைப் பார்த்தால், சுண்ணாம்புக் காரையில் முழுதாக வேகாத சிப்பித் துண்டுகள் நகத்தளவுக்கு வெள்ளையாகப் பதிந்திருந்தன. கடற்கரையில் சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பிற்காலத்துக் கான்கிரீட்டிலோ உப்புக் காற்று உள்ளே புகுந்து கம்பி துருப்பிடித்து உப்பி, அடிப்பூச்சு பாளம் பாளமாக விழுந்து கிடந்தது. இடிக்க வேண்டும் என்ற முடிவுக்குக் காரணமான பழுது முழுவதும் புதிய பகுதியில்தான் இருந்தது என்பதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் குறிப்பேட்டில் எழுதினேன்.

அதற்காக அந்தப் பாலத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. ஐந்து கண்ணும் சேர்த்து 18 மீட்டருக்குத்தான் நீர்வழி. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாய் உள்ள வட்டாரம் இது. ஐப்பசி கார்த்திகையில் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி உபரி நீர் கடலை நோக்கி வரும்போது, ஓடை பாலத்தின் மேலேறிச் சாலையை அறுத்துக்கொண்டு போன ஆண்டுகள் உண்டு. புதிய பாலத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டிப் பழையதை நடைபாலமாக விட்டுவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். பழைய தூண்கள் நின்றால் வெள்ளம் அவற்றில் மோதி மேல்பக்கத்து வயல்களில் ஏறும் என்று நீரியல் கணக்கர் தாளில் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கில் என்னால் குறை காண முடியவில்லை.

வட்டாட்சியர் அலுவலகத்தில், ஒவ்வொரு புல எண்ணின் நில விவரத்தையும் எழுதி வைத்திருக்கும் அ-பதிவேட்டையும் புல வரைபடங்களையும் பார்ப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. இராமநாதபுரம் ஜமீன் நிலமாக இருந்து, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே இங்கெல்லாம் உழவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறை வந்தது. அதனால் அதற்கு முந்தைய தடயம் கிராமக் கணக்குகளில் குறைவு. இருந்தும், ஓடைக்கு மேற்கே ஒரு புல எண்ணுக்கு நேரே சத்திரம் என்ற ஒற்றைச் சொல் இருந்தது. சேதுபதி மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியெங்கும் சத்திரங்கள் கட்டி வைத்தது இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரிந்த செய்தி. நிலத்தில் போய்ப் பார்த்தால் சத்திரம் இல்லை. சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒரு கிணறும், அதன் விளிம்புக் கல்லில் கயிறு அறுத்த பள்ளங்களும் மட்டும் இருந்தன.

கிழக்குப் பக்கத்தில், பழைய உப்பளத்துக்கும் பனைகளுக்கும் நடுவே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு. எந்த வரைபடத்திலும் அதற்குக் கோடு இல்லை. கடலோரச் சமவெளியில் ஒன்றரை மீட்டரை யார் பொருட்படுத்துவார்கள்? ஆனால் வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில், 1986-87இலிருந்து மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்து ரோமானியக் காசுகளையும் கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டையும் எடுத்த இடத்துக்கு ஊரார் வைத்திருந்த பெயர் கோட்டைமேடு என்பதுதான். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மேட்டின்மேல் கோடு பிடித்தாற்போல் நடந்தேன். எங்கு பார்த்தாலும் ஓட்டாஞ்சில்லுகள். பெரும்பாலும் சிவப்பு, சில உள்ளே கறுத்து வெளியே சிவந்தவை. ஒன்றே ஒன்று, இரண்டு விரல் அகலத்தில், பாசிப்பச்சைக் கண்ணாடிப் பூச்சோடு மழையில் கழுவப்பட்டுக் கிடந்தது. எதையும் எடுக்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டேன். பின்னர் வந்து பார்த்த தொல்லியல் அலுவலர் அந்தப் பச்சை ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சீனப் பாண்டம், பழைய துறைமுகமான பெரியபட்டினத்தில் நிறையக் கிடைத்த வகை என்றார். எடுக்காமல் விட்டதற்காக என்னைப் பாராட்டியவர், தான் அதைத் தாள் உறையில் போட்டு எழுதிக்கொண்டார்.

சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லைப் பற்றி முதல் அளவைக் குழு, அகற்றப்பட வேண்டிய கற்கள் 3 என்று மட்டும் எழுதியிருந்தது. நட்டுவைத்த கற்கள் இரண்டு, மேலே கிடத்திய பலகைக்கல் ஒன்று, ஆக மூன்று, கணக்கு சரிதான். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி, திரும்ப ஏற்றிக்கொள்ளத் தோள் உயரத்துக்கு அமைத்தது. பலகைக்கல்லின் விளிம்பில் எழுத்து இருந்தது. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் ஈரத்தாள் நொடியில் காய்ந்து கல்லை விட்டு எழும்பிவிடும் என்பதால், விடியற்காலையில் போய்க் கல்லைக் கழுவி, தாளை நனைத்து ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, மை ஒற்றினோம். ஒரு பெண்ணின் பெயரும், விஷு வருஷம் தை மாதம் என்பதும் வெள்ளையாக மேலெழுந்தன.

விஷு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். அந்தத் தை மாதம் 1822இலும் இருக்கலாம், 1882இலும் இருக்கலாம், 1942இலும் இருக்கலாம். இதைத் தீர்த்து வைத்தவர், நாங்கள் மை ஒற்றுவதைப் பார்த்து ஆட்டுக் கம்போடு வந்து நின்ற எண்பது வயது மூதாட்டி.

“என்ன தம்பி, கல்லுக்கு மருந்து போடுறீகளா?”

“இல்ல அப்பத்தா, எழுத்தப் படிக்கிறோம். இது யாரு வச்ச கல்லுன்னு தெரியுமா?”

“எங்க பாட்டன் தன் தங்கச்சிக்கு வச்சது. வகுத்துப் பிள்ளையோட போயிருச்சு. எங்கப்பாவே அந்த அத்தையப் பாத்ததில்ல. தை வெள்ளிக்கு நாந்தான் வெளக்கு வைக்கிறேன்.”

பிள்ளையைச் சுமந்தபடியே இறந்தவளின் சுமையை, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் இறக்கும் சுமையோடு சேர்த்து இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் வைக்கும் கல் அது. அவருடைய அப்பாவே பார்த்திராத அத்தை என்றால் 1942 ஆகாது. பாட்டனின் தங்கை என்றால் 1822உம் ஆகாது. 1882 என்று எழுதினேன். அதோடு இன்னொன்றும் தெளிவாயிற்று. கல்லின் முகம் இப்போதைய சாலையைப் பார்க்கவில்லை. சத்திரக் கிணறு இருக்கும் மேற்குப் பக்கத்தைப் பார்த்து நின்றது. கருவாடும் உப்பும் கருப்பட்டியும் தலையில் போன பாதை அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. பாலம் வந்தபோது சாலை கல்லின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் குறித்து, அதன்மேல் திட்ட வரைபடத்தை வைத்துப் பார்த்தபோதுதான், நான் அதுவரை தவறான பொருளுக்குப் பாதிப்பை அளந்துகொண்டிருந்தது புரிந்தது. புதிய பாலமும் அணுகுசாலையும் மேட்டைத் தொடவே இல்லை. மேட்டைத் தொட்டவை, கட்டி முடிக்கும்வரை வண்டிகள் போவதற்கான 7 மீட்டர் அகல மாற்றுப்பாதையும், உத்தரங்களை வார்க்கும் களமும். வார்ப்புக் களத்துக்கு ஏன் அந்த இடம் என்று கேட்டதற்கு, தரிசு நிலம், உயரமான இடம், மழையில் தண்ணீர் நிற்காது என்று பதில் வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அங்கே குடியேறியவர்களும் அதே காரணத்துக்காகத்தான் குடியேறியிருப்பார்கள். கரைக்குக் கிராவல் வேண்டுமென்று பொக்லைன் முதலில் தேடுவதும் அப்படிப்பட்ட மேட்டைத்தான். பதினெட்டு மாதத்தில் பிரித்து எடுத்துவிடப்போகும் தற்காலிக வேலை என்பதால் அதை யாரும் பாதிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாற்றுப்பாதையை மேற்கே கொண்டுபோனால் கிணற்றை ஒட்டி வரும். அதற்கு 6 மீட்டர் இடைவெளி விட்டு வளைத்தோம். சுமைதாங்கியை இடம் மாற்றலாமா என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது ஒருவரும் ஒப்பவில்லை. கரைச் சரிவுக்குப் பதிலாகத் தடுப்புச் சுவர் கட்டினால் கல்லைத் தொடாமல் சாலை போய்விடும் என்று கண்டு அப்படியே வரைந்தோம். மேடு பாதுகாக்கப்பட்ட இடம் அல்ல என்பதால் அதைத் தோண்டாதே என்று சொல்ல என் கையில் சட்டம் எதுவும் இல்லை. அறிக்கையில் ‘தவிர்க்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் அது அலமாரிக்குப் போகும். நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் இரகசியம் இது: ஒப்பந்தத்தின் அளவுப் பட்டியலில் விலையோடு ஒரு வரியாக இல்லாத எதுவும் களத்தில் நடக்காது. எனவே மேட்டைச் சுற்றி 140 மீட்டர் வேலி, பழைய பாலத்தை இடிக்கும் முன் அளந்து வரைதல், தடுப்புச் சுவர் என்று மூன்றையும் பட்டியலில் ஏற்றச் சொல்லிச் சண்டை பிடித்தேன். மண்ணுக்குள் ஏதேனும் அகப்பட்டால் வேலையை நிறுத்தி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்த நிபந்தனையில் சேர்த்தோம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே அப்படித் தெரிவிக்கச் சொல்கிறது.

பழைய பாலம் இறங்கிய விதம் நன்றாகவே இருந்தது. காரைக் கட்டு என்பதால் செங்கற்கள் உடையாமல் கழன்றன. ஊரார் அவற்றை வாங்கிப்போய் ஊரணிப் படித்துறைக்கு வைத்துக்கொண்டார்கள். வரைபடங்களின் ஒரு படி தொல்லியல் அலுவலகத்துக்குப் போயிற்று.

பிழை வேறு இடத்தில் நேர்ந்தது. அது என் பிழை. சாலையோரத்து மின்கம்பங்களை மாற்றி நடுவது தனி மதிப்பீட்டில், தனி ஒப்பந்ததாரர் வழியாக, எங்கள் வேலை தொடங்கும் முன்பே நடப்பது. எங்கள் ஒப்பந்த நிபந்தனை அவர்களைக் கட்டாது. வேலியும் அப்போது போட்டிருக்கவில்லை. தொலைபேசியில் செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, மேட்டின் வடக்கு ஓரத்தில் இரண்டு குழிகள் எடுத்திருந்தார்கள். ஒன்றின் விளிம்பில், வெட்டிப் போட்ட மண்ணோடு, வளைந்த தடித்த சுடுமண் துண்டுகள் நான்கு கிடந்தன. குழிக்குள் எட்டிப் பார்த்தால், அவற்றின் மீதி அரைவட்டமாக மண்ணுக்குள் நின்றது. சுடுமண் வளையங்களை அடுக்கி இறக்கிய பழங்கால உறைகிணற்றின் உறை.

கம்பம் நடுகிற ஆட்கள்மேல் சொல்ல ஒன்றுமில்லை. குழி போடச் சொன்ன இடத்தில் போட்டார்கள். அன்றே ஆட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் அலுவலருக்கும் கடிதம் கொடுத்தோம். அலுவலர் வந்து உறையின் விட்டத்தையும் மண்ணடுக்குகளையும் அளந்து வரைந்துவிட்டு, துண்டுகளை எடுத்துக்கொண்டு, குழியில் முதலில் துணி விரித்து, அதன்மேல் ஆற்று மணலை மட்டும் போட்டு மூடச் சொன்னார். பிற்காலத்தில் தோண்டுகிறவர் மணலைக் கண்டதும் இது நாம் மூடியது என்று அறிந்துகொள்வார் என்பதற்காக. கம்பங்கள் இரண்டும் சாலைக்கு அந்தப் பக்கம் போயின. அதற்கான கூடுதல் கம்பிச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் நான்கு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது.

அதன்பிறகு நான் எழுதும் ஒவ்வோர் அறிக்கையிலும், மின்கம்பம், குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பிவடம் ஆகியவை எங்கே போகின்றன என்று கேட்டு வாங்கிய தாளைத்தான் முதலில் விரிக்கிறேன்.