பேய்க்கும் புரட்டாசிக்கும் நடுவே ஒரு வசூல் கணக்கு: டர்பன் நாட்குறிப்பு

4 செப்டம்பர் 2025, வியாழன்

‘தி காஞ்சூரிங்: லாஸ்ட் ரைட்ஸ்’ என்ற ஹாலிவுட் பேய்ப்படம் நாளை வெளியாகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் பகுதிநேரமாகக் கணக்கு எழுதும் திரையரங்கின் மேலாளர் இன்று மாலை காட்சி நேரப் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டு, "பெரிய அரங்கு இரண்டு வாரத்துக்கு இந்தப் பேய்க்குத்தான்" என்று பெருமூச்சு விட்டார். விநியோகஸ்தர் விதித்த நிபந்தனை அது. படம் 2 மணி 15 நிமிடம் ஓடுகிறது. விளம்பரம், முன்னோட்டம், அரங்கைக் கூட்டிப் பெருக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு காட்சிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரத்தை ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் பேய்ப்படமாக இருந்தால் அதே அரங்கில் நாளொன்றுக்கு ஒரு காட்சியாவது கூடுதலாகப் போட்டிருக்கலாம். வசூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடிகரைப் பற்றியும் விளம்பரத்தைப் பற்றியும் பேசுவார்களே தவிர, கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தப் படத்தை வெளியிடும் வார்னர் நிறுவனத்துக்குச் செப்டம்பர் மாதத் தொடக்கம் பேய்ப்படங்களுக்கான முகூர்த்தமாகவே ஆகிவிட்டது. 2017இல் ‘இட்’ செப்டம்பர் 8ஆம் தேதியும், 2018இல் ‘தி நன்’ 7ஆம் தேதியும், 2019இல் ‘இட்’ இரண்டாம் பாகம் 6ஆம் தேதியும், 2023இல் ‘தி நன்’ இரண்டாம் பாகம் 8ஆம் தேதியும் அமெரிக்காவில் வெளியாயின. அங்கே கோடை விடுமுறை முடிந்து பெரிய படங்கள் ஓய்ந்திருக்கும் நேரம் அது. நமக்கோ அது மகாளய பட்சத்துக்கும் புரட்டாசிக்கும் முந்தைய வாரம். இந்தப் பொருத்தம் இம்முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காகவே இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன்.

5 செப்டம்பர், வெள்ளி, நள்ளிரவு

இரவுக் காட்சி நிறைந்துவிட்டது. தனியாக வந்து ஒற்றைச் சீட்டு வாங்கியவர் ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை. ஐந்து பேர், ஆறு பேர் என்று நண்பர் கூட்டமாகவே வந்தார்கள். பயப்படுவதற்குத் துணை வேண்டியிருக்கிறது. அடுத்த இருக்கையில் இருப்பவன் அலறினால்தான் தன்னுடைய அலறலுக்கு வெட்கம் இல்லாமல் போகிறது. கூட்டம் வேண்டும் என்பதால்தான் இந்த வகைப் படத்துக்கு வருகிறவர்கள் முதல் மூன்று நாளுக்குள் வந்துவிடுகிறார்கள்; பாதி காலியான அரங்கில் பேய்ப்படம் பார்ப்பது, ஆளில்லாத கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததைப் போன்றது.

இடைவேளை இல்லாத ஊர் இது. ஆகவே பாப்கார்ன் விற்பனை முழுவதும் படம் தொடங்குவதற்கு முந்தைய இருபது நிமிடத்தில் நடந்தாக வேண்டும். இன்று வரிசை நுழைவாயில் வரைக்கும் நீண்டது.

7 செப்டம்பர், ஞாயிறு

மேலாளர் முதலிலிருந்தே கவலைப்பட்டது இன்றைய மாலையைப் பற்றித்தான். முழுச் சந்திர கிரகணம். எங்கள் நேரப்படி மாலை ஆறரை மணியளவில் தொடங்கி, ஏழரைக்கு முழுமை எட்டி, ஒன்பது மணிக்குச் சற்று முன்பு வரை நிலவு செம்பு நிறத்தில் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். டர்பனில் நம்மவர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில் பல வீடுகளில் மதியமே சமையலை முடித்துவிட்டு, மிச்சப் பாத்திரங்களில் தர்ப்பையைப் போட்டு வைத்திருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும்போது பேய்ப்படம் பார்க்கப் போவதாக யாராவது சொன்னால் அத்தை அந்த வீட்டுப் பக்கமே ஒரு மாதம் போகமாட்டார்.

மாலைக் காட்சியில் நம் ஆட்கள் குறைவாக இருந்தது உண்மை. அரங்கு காலியாக இருந்ததா என்றால், இல்லை. நம்மவர் விட்ட இடத்தில் வேறு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் படம் தொடங்குமுன் வாகன நிறுத்துமிடத்தில் நின்று சிவந்த நிலவைப் படம்பிடித்துவிட்டு, அதே உற்சாகத்தோடு உள்ளே போனார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல நிலவை எந்தத் தயாரிப்பாளரும் வாங்கியிருக்க முடியாது.

9 செப்டம்பர், செவ்வாய்

எண்கள் வந்துவிட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் மூன்று நாளில் 84 மில்லியன் டாலர். உலக அளவில் 190 மில்லியனுக்கு மேல். டாலர் இப்போது 17 ரான்டுக்கு மேல் இருக்கிறது. அந்தக் கணக்கில், வட அமெரிக்காவில் மட்டும் மூன்று நாளில் 140 கோடி ரான்டுக்கு மேல் சீட்டு விற்றிருக்கிறது. படத்தின் தயாரிப்புச் செலவு 55 மில்லியன் டாலர். 2013இல் வந்த முதல் படம் 20 மில்லியனில் எடுக்கப்பட்டு, 41.9 மில்லியனில் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் தொடக்கம் இரட்டிப்பாகிவிட்டது.

மேலாளர் இந்த எண்களைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் தேநீரைக் குடித்தேன். என் பேரேட்டில் மட்டும் இன்னும் எதையும் பச்சை மையால் எழுதவில்லை.

11 செப்டம்பர், வியாழன்

வசூல் என்ற சொல்லை வீட்டில் எல்லோரும் இலாபம் என்ற பொருளிலேயே கேட்கிறார்கள் என்பதால், தம்பி மகளுக்கு நேற்று இரவு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சீட்டின் விலை 115 ரான்ட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 ரான்ட் மதிப்புக் கூட்டு வரி. (இந்த ஆண்டு வரி விகிதத்தை அரை விழுக்காடு கூட்டப்போவதாக அறிவித்து, ஏப்ரலில் அதைக் கைவிட்டார்கள்; இல்லையென்றால் இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக வந்திருக்காது.) மிஞ்சும் 100 ரான்டைத்தான் விநியோகஸ்தரும் திரையரங்கும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எங்கள் ஒப்பந்தப்படி முதல் வாரத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும். வாரம் ஏற ஏற எங்கள் பங்கு கூடும். அதாவது ஒரு படம் நான்கு, ஐந்து வாரம் கால் ஊன்றி ஓடினால்தான் திரையரங்குக்கு ஆதாயம். முதல் வாரத்துக் கூட்டத்தால் எங்களுக்குக் கிடைப்பது பாப்கார்ன் காசுதான் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

தயாரிப்பாளர் பக்கத்திலும் இதே கதைதான். உலக வசூலில் ஏறக்குறைய பாதிதான் அவர் கைக்குத் திரும்புகிறது. விளம்பரச் செலவு அதற்கும் மேலே. ஆனால் பேய்ப்படத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: பேய்க்குச் சம்பளம் கிடையாது. பெரிய நட்சத்திரம் தேவையில்லை. ஒரு பழைய வீடும் கிரீச்சிடும் கதவும் நல்ல ஒலிப்பதிவாளரும் போதும். சுமார் 15,000 டாலரில் எடுக்கப்பட்டு 2009இல் பரவலாக வெளியான ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ 190 மில்லியனுக்கு மேல் ஈட்டியது. 2017இல் ‘கெட் அவுட்’ 4.5 மில்லியன் செலவில் 250 மில்லியனைக் கடந்தது. இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆண்டுதோறும் இத்தனை பேய்கள் கிளம்பி வருகின்றன. வந்து விழுந்தவற்றின் பட்டியலை யாரும் எழுதி வைப்பதில்லை.

15 செப்டம்பர், திங்கள்

விழுந்தது. வெள்ளி இரவுக் காட்சியில் பின்வரிசைகள் மட்டுமே நிறைந்தன. ஞாயிறு மாலை பெரிய அரங்கில் என் குரல் எதிரொலித்தது. மேலாளர் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: மகாளய பட்சம். 8ஆம் தேதியிலிருந்து முன்னோருக்குரிய பதினைந்து நாள் நடக்கிறது. வீட்டில் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கும் நேரத்தில் வெள்ளைக்காரப் பேயைப் பார்க்க யார் வருவார் என்பது அவர் வாதம். சுவையான வாதம்தான். ஆனால் முதல் வார இறுதியில் மாலைக் காட்சியைக் காப்பாற்றியவர்கள் தர்ப்பணம் கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகள் அல்லர். அவர்களும் இந்த வாரம் வரவில்லையே!

இரவு அமெரிக்கக் கணக்கு வந்தது: 84இலிருந்து சுமார் 26 மில்லியன். ஏறக்குறைய 69 விழுக்காடு சரிவு. முதலிடத்தை ஜப்பானியக் கார்ட்டூன் படமான ‘டீமன் ஸ்லேயர்’ 70 மில்லியனுடன் பறித்துக்கொண்டது. ஓஹாயோவில் மகாளய பட்சம் இல்லை.

பழைய படங்களின் இரண்டாம் வார இறுதிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். 2018இல் ‘தி நன்’ 53.8இலிருந்து 18.2 மில்லியனுக்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ‘இட்’ 123.4இலிருந்து 60.1க்கு, ஏறக்குறைய பாதிக்கு, வந்தது. 2013இன் முதல் ‘காஞ்சூரிங்’ 47 விழுக்காடு மட்டுமே இழந்து, இறுதியில் வட அமெரிக்காவில் தொடக்கத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் சேர்த்தது. ‘கெட் அவுட்’ இழந்தது 15 விழுக்காடு. இந்த ஏப்ரலில் வந்த ‘சின்னர்ஸ்’ 48 மில்லியனில் தொடங்கி மறுவாரம் 45க்கு மேல் ஈட்டியது. பேய்ப்படத்தில் அப்படி ஒரு பிடிப்பை நான் கண்டதில்லை. எங்கள் அரங்கிலும் அதை முதல் வாரத்தில் பார்த்தவர்கள் மறுவாரம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

முன்பே பெயர் பெற்ற பேய் முதல் நாள் கூட்டத்தைக் கொண்டுவரும். பெயர் தெரியாத பேய் நன்றாக இருந்தால் மறுவாரக் கூட்டத்தைக் கொண்டுவரும். ‘லாஸ்ட் ரைட்ஸ்’ ஒரு வரிசையின் நிறைவுப் பகுதி என்று விளம்பரப்படுத்தப்பட்டது. இந்த வரிசையின் நாயகர்களான, பேய்களை ஆராயும் வாரன் தம்பதியிடம் விடைபெற விரும்பியவர்கள் முதல் மூன்று நாளிலேயே விடைபெற்றுவிட்டார்கள். என் கணிப்பு இது, மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

17 செப்டம்பர், புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. காலையிலேயே அத்தை வீட்டில் அசைவப் பாத்திரங்களைத் தனியாகக் கட்டி மேல் அலமாரியில் ஏற்றியாயிற்று. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் பேச்சுத் தமிழ் தேய்ந்த வீட்டில்கூடப் புரட்டாசி தேயவில்லை. மேலாளர் தன் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொண்டு, இனிமேல் முழுக் குற்றத்தையும் பெருமாள் மேல் போடப்போகிறார் என்று நினைக்கிறேன். சரிவு 12ஆம் தேதியே வந்துவிட்டது, புரட்டாசி அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான் பிறந்தது என்று தேதிகளை எடுத்துக் காட்டினேன். "கணக்குப்பிள்ளை புத்தி" என்றார்.

22 செப்டம்பர், திங்கள்

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை எழுதிவைக்க வேண்டும். மூன்றாம் வார இறுதியில் அமெரிக்காவில் படம் சுமார் 13 மில்லியன் ஈட்டியிருக்கிறது. அதாவது முந்தைய வாரத்தில் பாதி. எங்கள் அரங்கில் சரிவு பாதியோடு நிற்கவில்லை. 20ஆம் தேதி முதல் புரட்டாசிச் சனி. மறுநாள் மகாளய அமாவாசை. சனிக்கிழமை மாலைக் காட்சிக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கும் பையனையும் உள்ளே உட்காரச் சொல்லிவிட்டார் மேலாளர். புரட்டாசியால் படம் விழவில்லை. விழுந்து கிடந்த படத்தை எழுந்திருக்கவிடாமல் புரட்டாசி பிடித்துக்கொண்டது என்று எழுதினால் இருவருக்கும் பொதுவாக இருக்கும்.

இதற்கிடையில் உலக வசூல் 400 மில்லியனை ஒட்டி வந்துவிட்டது. இந்த வரிசையில் அதுவரை முதலிடத்தில் இருந்த ‘தி நன்’ ஈட்டிய 366 மில்லியனைத் தாண்டியாயிற்று. ஒரே படம் உலகத்துக்குச் சாதனை, எங்களுக்கு இரண்டு வாரம் அடைபட்ட பெரிய அரங்கு. ஒப்பந்தப்படி எங்கள் பங்கு கூடத் தொடங்கும் வாரத்தில் பங்கிட ஏதும் இல்லை. அந்த அரங்கில் ஒரு குடும்பப் படத்தைப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்கை மேலாளர் என்னைப் போடச் சொன்னார். போட்டேன்; அதை அவர் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

பேயோடு சிரிப்பைச் சேர்க்கும் இந்தியப் படங்கள் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. 2024 ஆகஸ்ட் 15இல் வந்த ‘ஸ்த்ரீ 2’ உலக அளவில் 800 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. தமிழில் ‘காஞ்சனா’ வரிசையும் ‘அரண்மனை’ வரிசையும் தழைத்ததற்கும் காரணம், பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில் உட்கார முடிவதுதான். சிறுவர்களுக்கு அலற ஒரு காட்சி, பெரியவர்களுக்குச் சிரிக்க ஒரு காட்சி, முடிவில் அம்மன். கலைநயத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மறுவாரக் கூட்டத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

24 செப்டம்பர், புதன்

மரபுரிமை நாள் விடுமுறை. நாடு முழுவதும் இறைச்சி சுடும் நாள். எங்கள் தெருவில் வாழைக்காய் சுட்டார்கள். படம் சிறிய அரங்குக்கு மாறிவிட்டது. விடுமுறை என்பதால் இரவுக் காட்சிக்கு ஓரளவு ஆட்கள் இருந்தார்கள். சிறிய அரங்கானதால் அது கூட்டம்போலவே தெரிந்தது. அலறலும் நன்றாகக் கேட்டது.

3 அக்டோபர், வெள்ளி

இன்றிலிருந்து ஒரே ஒரு காட்சி, இரவு ஒன்பது மணிக்கு. பள்ளி விடுமுறை நாளை தொடங்குகிறது. மற்ற அரங்குகளையெல்லாம் சிறுவர் படங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

மாலையில் அத்தை தொலைபேசியில் அழைத்தார். ஒரு மாதமாக நான் இந்தப் படத்தைப் பற்றியே பேசியதில் அவருக்கும் ஆசை வந்துவிட்டதாம். "புரட்டாசி 17ஆம் தேதியோடு முடிகிறது. ஐப்பசி பிறந்ததும் வருகிறேன், அதுவரைக்கும் படத்தை எடுத்துவிட வேண்டாம் என்று உன் மேலாளரிடம் சொல்லி வை" என்றார். அடுத்த வியாழனோடு படம் எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்ல மனம் வரவில்லை. மேலாளரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இந்த நான்கு வாரத்தில் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.