முகம் இல்லாத செல்ஃபி: போட்டோகார்டு நாட்குறிப்பு

அக்டோபர் 11, சியோல்

13ஆம் தேதி, கொரிய இசைக்குழு பிடிஎஸ்ஸின் ஜிமினுக்குப் பிறந்தநாள். அவர் படம் அச்சிட்ட சிறிய போட்டோகார்டை அலங்கரிக்க இன்றே உட்கார வேண்டும். டாப்லோடர் (மேல்வழியாகக் கார்டைச் செருகும் கெட்டியான பிளாஸ்டிக் உறை) மேல் போடும் பசை இறுக ஒரு முழு நாளாவது பிடிக்கும். அதற்குள் கார்டைச் செருகினால் ஓரத்தில் வழிந்த பசை அதைப் பிடித்துக்கொள்ளும். கார்டின் வழக்கமான அளவு 55×85 மி.மீ. முதலில் பாலிபுரோப்பிலீன் உறை, அதற்கு மேல்தான் டாப்லோடர். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டிக்கர், மணி, ரிப்பன் எதுவானாலும் மேல்வாயை மட்டும் அடைக்காதீர்கள். கார்டை மாற்ற வழியிருக்காது.

அக்டோபர் 13, சியோலின் ஹொங்டே பகுதி

ரசிகர்கள் நடத்தும் பிறந்தநாள் கஃபேக்களில் ஒரு பானம் வாங்கினால் படம் அச்சிட்ட கப் உறை கிடைக்கும். கோப்பைக்கு முன்னால் கார்டைப் பிடித்து எடுக்கும் படத்தில் எடுப்பவரின் முகம் இருக்காது. ஆனால் நகப்பூச்சு, மோதிரம், எந்த ஸ்டிக்கரை எங்கே ஒட்டினார் என்பது வரை எல்லாமே அவரைக் காட்டிக்கொடுக்கும். பதினைந்து வயதுப் பெண், தன் முகத்தை வெளியே விடாமலே தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே போர்ட்ரெய்ட் மோடு கூடாது. விரல் நுனியையும் ரிப்பனையும் அது மங்கலாக்கிவிடும். அவை போனால் அவரைக் காட்டுவதில் பாதி போய்விடும்.

போனை 25–30 செ.மீ. தள்ளிவைத்து 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் சில போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்குத் தாவும், கார்டு கோணலாகும். பிளாஸ்டிக்கில் கூரை விளக்கு பளிச்சிட்டால் கார்டின் மேல்விளிம்பைப் போன் பக்கம் லேசாகச் சாயுங்கள், பளபளப்பு விலகிவிடும். கறுப்புச் சட்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சட்டை அப்படியே கார்டில் தெரியும். அச்சு முகத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஐஸ் கோப்பை வியர்க்கும், கார்டு அதில் உரசக்கூடாது.

அக்டோபர் 14

நான்கு படம் எடுக்கும் போட்டோ பூத். ஐடல் (கே-பாப் நட்சத்திரம்) உருவம் முன்பே பதிந்த ஃபிரேமில் அவர் முகத்தின் அளவு மாறாது. கேமராவை நெருங்கினால் உங்கள் முகம்தான் பூதாகாரமாகும். பின்சுவர் வரை நகர்ந்து நில்லுங்கள். அவரைப் போலவே வகிடு, அதே கைவிரல் இதயம் என்று மூன்று கட்டம் போகட்டும். ஒன்றிலாவது உங்களுக்கு இயல்பாக வரும் நிலையில் நில்லுங்கள். பிறகு எடுத்துப் பார்க்கையில் பிடித்துப்போவது பெரும்பாலும் அதுதான். க்யூஆர் கோடில் வரும் படத்தை அங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள், அந்த இணைப்பு சீக்கிரமே காலாவதியாகிவிடும்.