பட்ட மரம் இல்லைங்க அது

போன வருஷம் மாசி மாசம். எம்.சி. ரோட்டுக் கடையில் கணக்கு முடித்துவிட்டு, ராத்திரி ஒன்பதரை மணிக்குச் சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை திரும்பினேன். ஏதோ சரியில்லை என்று பட்டது. தெருவிளக்கு வெளிச்சம் எங்கள் வீட்டு வாசல்வரை நேராக வந்து விழுந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த ஒதிய மரத்தைக் காணோம்.

முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் நின்றது. கையை வைத்துப் பார்த்தேன். காலையிலேயே வெட்டிவிட்டார்களாம், பகல் முழுக்க வெயில் அடித்திருக்கிறது. அப்படியும் வெட்டுவாய் பிழிந்து போட்ட துணி மாதிரி ஈரமாக இருந்தது. ‘பட்டுப்போன மரம், விழுந்தால் ஆபத்து’ என்று யாரோ மனு கொடுத்து, வந்து வெட்டியிருக்கிறார்கள்.

"இன்னாமா பண்றது, ஒரு எலகூட இல்ல. யார் மேலனா வுயுந்தா?" என்றார் இஸ்திரி போடும் அண்ணன். அவருக்கும் வருத்தம்தான். இருபது வருஷமாக அவர் வண்டி நின்றது அந்த மரத்தடியில். தை பிறந்தால் இலை கொட்டி நிழல் போகும், தார்ப்பாய் கட்டுவார். சித்திரை முடிவதற்குள் இலை வந்து, தார்ப்பாயை அவிழ்த்துவிடுவார். வருஷா வருஷம் இதைச் செய்தவருக்கே அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் இரண்டு பெரிய கிளையை இழந்தும் நின்ற மரம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படித்தது தாவரவியல். கணக்கு எழுதும் வேலைக்கு வருவதற்கு முன்னால், முதுமலைக் காட்டை ஒட்டி இரண்டு வருஷம், தை முதல் சித்திரை வரை, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு அக்காவுக்கு உதவியாக இலை அளந்தேன். விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். இலையைக் காம்போடு வெட்டி, தடிமனான எஃகு அறைக்குள் வைத்து, காம்பின் நுனி மட்டும் மூடிக்கு வெளியே தெரியும்படி இறுக்குவோம். அக்கா நைட்ரஜன் வாயுவை மெல்ல ஏற்றுவார். டார்ச் அடித்து, லென்ஸ் வழியாக அந்த நுனியையே பார்ப்பது என் வேலை. காய்ந்த மாதிரி இருக்கும் வெட்டுவாய் திடீரென்று கறுத்து, பளபளத்து, ஊசிமுனை அளவு ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்க்கும். "வந்துருச்சுக்கா!" என்பேன். அப்போது முள் காட்டுகிற அழுத்தம்தான், இலைக்குள் நீர் எவ்வளவு இறுக்கமாக இழுபட்டிருந்தது என்பதற்குக் கணக்கு. இருட்டில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. இலையிலிருந்து நீர் ஆவியாக வெளியேறும் இலைத்துளைகள் ராத்திரி மூடிக்கிடப்பதால், விடிவதற்குள் மரத்தின் நிலையும் வேர் தொடும் மண்ணின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

தையில் குறைந்த அழுத்தத்திலேயே சொட்டு வந்த மரத்துக்கு, மாசியில் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும். அப்புறம் ஒரு நாள் போய் நின்றால், வெட்டுவதற்கு அந்தக் கிளையில் இலையே இருக்காது.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. மரத்துக்குள் நீர் மேலே ஏறுவது, கீழிருந்து யாரும் தள்ளுவதால் இல்லை. இலை ஆவியாக விட விட, தண்டுக்குள் நீரைக் கடத்தும் சைலக் குழாய்களில் இருக்கும் நீர் கயிறு போல மேலே இழுபடுகிறது. மண் காயக் காய அந்தக் கயிறு விறைக்கும். விறைப்பு எல்லை மீறினால் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து, அந்தக் குழாய் வேலைக்கு ஆகாமல் போகும். தண்டில் நிறையக் குழாய்கள் இப்படிப் போனால் கிளையே காய்ந்துவிடும். முதலில் இலைத்துளைகளை மூடிப் பார்க்கும் மரம். ஆனால் மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, சமையல் நின்றுபோகும். மூடினாலும் இலைத்தோல் வழியாகக் கொஞ்சம் நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே கிளையைக் காப்பாற்ற இலையை விடுகிறது.

விடும்போதும் சும்மா விடுவதில்லை. கடையைக் காலி செய்கிறவர்கள் சரக்கை ஏற்றிவிட்டுத்தானே பூட்டுவார்கள்? பச்சையத்தையும் புரதங்களையும் உடைத்து, இலையில் இருந்த நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் ஏறத்தாழப் பாதியைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது மரம். இலை மஞ்சளாவது இந்த வேலை நடக்கும்போதுதான். பிறகு காம்படியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று பிரிந்து, இலை கழன்று விழும். விழுந்த தழும்பு மூடப்பட்டிருக்கும். நாம் வாசலில் கூட்டித் தள்ளுவது வெறும் கூடு.

எல்லா மரமும் இப்படிச் செய்வதில்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலவிருட்சம் மகிழம். சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்தது மகிழ மரத்தடியில் என்பார்கள். மாசித் திருவிழாவுக்குப் போகும்போது பாருங்கள், ஒதியமும் வாகையும் மொட்டையாக நிற்கிற அதே மாசத்தில் மகிழம் கரும்பச்சையாக நிற்கும். அதன் இலை தோல் மாதிரி தடிப்பு. கட்டுவதற்கு முதல் அதிகம், சம்பாத்தியம் மெதுவாக வரும், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். ஒதியத்தின் இலை மெல்லிசு. குறைந்த முதலில் கட்டி, ஈரம் இருக்கும்வரை வேகமாகச் சம்பாதித்து, கோடைக்கு முன் கணக்கை முடித்துக்கொள்ளும். கணக்கு எழுதுகிறவளாக, இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

‘ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது’ என்று பழமொழி சொல்கிறோம். உண்மைதான், விட்டம் போட ஆகாது. ஆனால் விட்டத்துக்கு ஆகாத அந்த மென்மைதான் மரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. மத்திய அமெரிக்காவில், கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்டே வறண்ட காடுகளில் ரோல்ஃப் போர்ச்சர்ட் பல வருஷம் ஆராய்ந்து இதைக் காட்டினார். லேசான மரக்கட்டை உள்ள இனங்கள் தண்டில் நிறைய நீரைச் சேர்த்து வைக்கின்றன. இலையைக் கொட்டியதும் செலவு நின்றுவிடுவதால் தண்டில் நீர் நிலை மீண்டும் ஏறுகிறது. அதனால் சொட்டு மழை இல்லாத நடுக்கோடையிலேயே அவற்றால் பூக்க முடிகிறது. நம் ஒதியமும் இலை இல்லாத மொட்டைக் கிளையில்தான் பூக்கும். அன்று ராத்திரி என் உள்ளங்கையில் பட்ட ஈரம் அந்தச் சேமிப்புதான்.

முதுமலையில் பல மரங்கள் மழைக்குக் காத்திருக்காமல் கோடையிலேயே துளிர்த்துவிடும். அந்த அக்கா என்னைப் படிக்கவைத்த ஒரு கட்டுரை இன்னும் நினைவிருக்கிறது. கே.எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் 1993இல் எழுதியது, முதுமலையைப் பற்றியது. வறண்ட காலத்திலேயே துளிர்த்த மரங்களின் இலைகளைப் பூச்சிகள் குறைவாகத் தின்றிருந்தன. மழையோடு சேர்ந்து துளிர்த்தவை அதிகம் அடிபட்டிருந்தன. மழை வந்தால் பூச்சியும் பெருகும். அதற்குள் இலை முற்றிவிட்டால் கடிக்கக் கடினம்.

இதையெல்லாம் மனு கொடுத்தவரிடம் யார் சொல்வது? குறைந்தபட்சம் ஒன்று செய்திருக்கலாம். விரல் தடிமன் உள்ள கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்திருக்கலாம். பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பல கிளைகளில் பார்த்தும் எல்லாம் பழுப்பாக உலர்ந்திருந்தால்தான் பட்டது. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் மாசி மாசத்தில் வாகை மரங்கள் நெற்று மட்டும் சலசலக்க நின்றுகொண்டிருக்கும். தயவுசெய்து அவற்றைப் பட்ட மரம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலையில் குப்பை வண்டி வருவதற்கு முன்னால், கை தடிமனில் மூன்று போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத் துண்டுகளை, எடுத்து வைத்துக்கொண்டேன். ஒதியம் போத்து நட்டாலே பிடிக்கும், வேலிக்கே அப்படித்தான் நடுவார்கள். இரண்டை மொட்டைமாடியில் பெயிண்ட் வாளியில் நட்டேன். ஒன்றைத் திருவொற்றியூரில் சித்தி வீட்டுக் கொல்லையில். பங்குனிக் கடைசியில் மூன்றுமே துளிர்த்தன. மாடியில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் ஒரு நூல்கூட இல்லை. கோலுக்குள் இருந்த நீரிலும் மாவுச்சத்திலும் வந்த இலை அது. பிடுங்கியிருக்கக் கூடாது. அது செத்துப்போனது. மற்றதும் வைகாசி வெயிலில் சுருங்கிவிட்டது. வாளி மண் கொதித்திருக்க வேண்டும்.

சித்தி வீட்டுக் கோல் பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையில் ஆள் உயரம் தாண்டியதாம். போன வாரம் சித்தி போன் செய்தாள்.

"ஏய், உன் மரம் பட்டுப்போச்சுடி. ஒரு இலை இல்ல."

"நகத்தால சுரண்டிப் பாரு சித்தி."

கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பச்சையாத்தான்டி இருக்கு."